கற்பூரப் பெட்டிக்கு மூடி போடுவது யார்

தம்பி,

இதை வாட்ஸப்பில் அனுப்பினால் நீ ஒரு கட்டைவிரலைத் திருப்பி அனுப்பிவிட்டு உன் வேலையைப் பார்ப்பாய். அதனால்தான் பாரிஸ் லா சப்பலில் நம்மாட்களின் கடைகளில் இலவசமாகக் கிடைக்கும் நம்மாட்களின் பேப்பரில் இதைப் போடச் சொல்லிக் கேட்டேன். வியாழக்கிழமை வந்துவிடும். ஞாயிறு காலை நீ கார் து நோர் ஸ்டேஷனில் பிரசெல்ஸ் ரயில் ஏறுகிறாய். இடையில் இரண்டு நாள் இருக்கிறது. அதற்குள் யாராவது ஒருவர், "உங்கட அம்மா பேப்பரில எழுதியிருக்கிறா" என்று உன்னிடம் சொல்லாமல் விடமாட்டார். கோபம் வரும், தெரியும். வரட்டும். கோபத்தோடாவது முழுக்க வாசிப்பாய்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன்னை நினைத்து எனக்குப் பெருமை இல்லை என்று எண்ணாதே. எங்கள் வீட்டுக்குள் ஒரு சட்டத்தரணி வந்ததே பெரிய விஷயம். அவன் ஐரோப்பிய ஒன்றியத்தின் அலுவலகத்தில் எழுந்து நின்று பேசப் போகிறான் என்றதும் உங்கள் அப்பா ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு கடை விடாமல் சொல்லித் திரிந்தார். தேத்தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் ரெலிபோன் கடைக்காரரையும் நிறுத்திவைத்துச் சொன்னாராம். நானும் சொன்னேன். பிறகுதான் நீ என்ன பேசப் போகிறாய் என்று கேட்டேன். அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லவில்லை.

வாசிக்கிறவர்களுக்கு விளங்க வேண்டும் என்பதற்காக, நீ எனக்குச் சொல்லித் தந்ததை என் பாஷையில் எழுதுகிறேன். எந்தச் சாமானின் மூடி பிள்ளைகள் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்று ஐரோப்பா முழுவதற்கும் பிரசெல்ஸ் ஒரு விதி வைத்திருக்கிறது. குழாய் அடைப்பு எடுக்கிற திரவத்துக்கு வேண்டும். நாங்கள் விற்கிற சின்னக் கற்பூரப் பெட்டிக்கு, நீ சொல்கிறபடி, வேண்டாம். இப்போது பிரான்ஸ் அமைச்சு, அந்த மூடி இல்லாத கற்பூரத்தை விற்கக்கூடாது என்று ஒரு தற்காலிகத் தடை போட்டிருக்கிறது. ஆபத்தென்று கண்டால் ஒரு நாடு அப்படிக் கொஞ்சக் காலம் நிறுத்தலாம். அந்தத் தடை நிற்குமா விழுமா என்று பிரசெல்ஸ்தான் முடிவுசெய்யும். இறக்குமதிக்காரர்களின் பக்கம் நின்று நீ திங்கட்கிழமை சொல்லப்போவது இதுதான்: மூடியைப் பற்றிப் பேச பாரிஸுக்கு அதிகாரம் இல்லை, ஒரே சந்தைக்கு ஒரே விதி, தடையை எடுங்கள். நீ வென்றால் பெட்டிகள் திரும்பவும் தட்டுக்கு வரும். எங்கள் கடைத் தட்டுக்கும் வரும்.

உங்கள் அப்பாவின் பிள்ளை இதைச் சொல்கிறான் என்பதுதான் எனக்குச் சிரிப்பு. பாரிஸுக்கு வெளியே ஓல்னேயில் நாங்கள் இருந்த அந்தச் சின்ன வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு பேர் சாப்பிட வந்தால் நாலு பேருக்கும் சோறு ஆறிவிடும். அப்பா சமஷ்டி, கூட்டாட்சி என்று பேசத் தொடங்கிவிடுவார். "கொழும்பில இருக்கிறவனுக்கு எங்கட கிணத்துத் தண்ணி உப்போ நன்னீரோ எண்டு தெரியுமோ? அவன் என்னண்டு முடிவெடுக்கிறது?" என்று கையில் கறியோடு கேட்பார். நீ மேசைக்குக் கீழே கார் ஓட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாய். மத்தி என்றாலே கூடாது, பக்கத்தில் இருக்கிறவனுக்குத்தான் நோவு தெரியும் என்ற கதையிலேயே நீ வளர்ந்தாய். இப்போது நீ மத்தியின் ஆள். அப்பாவிடம் கேட்டேன், இது என்ன நியாயம் என்று. "இஞ்சாரும், அது வேற, இது வியாபாரம்" என்றார். அவருக்கு நிலக்கீழ் அறையில் அடுக்கிவைத்திருக்கும் பெட்டிகளின் கவலை.

மூடியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று போன கிழமை சொன்னாய். உனக்கு ஆறு வயதாக இருக்கும்போது நடந்ததைச் சொல்கிறேன். குசினித் தொட்டி அடைத்துக்கொண்டது. அப்பா அந்தத் திரவப் போத்தலை வாங்கிவந்தார். அழுத்தி அமர்த்தித் திருப்புகிற மூடி. அவரும் திருப்பினார், நானும் திருப்பினேன், சும்மா டக்கு டக்கென்று சுற்றியதே தவிரக் கழலவில்லை. கடைசியில் அப்பா பல்லை வைக்கப் போனார். நான் பறித்தேன். நாங்கள் இரண்டு பேரும் அந்த மூடியைச் செய்தவனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, நீ வந்து மூடியில் இருந்த அம்புக்குறியைப் பார்த்து, இரண்டு கையாலும் அமர்த்தி, திறந்து என்னிடம் நீட்டினாய். நான் போத்தலை வாங்கி வைத்துவிட்டு உன் கைகளைக் கழுவினேன். அப்பா கைதட்டினார். பிள்ளைக்குத் திறக்க முடியாது என்று எழுதிய மூடியைத் திறக்க எங்கள் வீட்டில் பிள்ளை ஒருவனால்தான் முடிந்தது என்று அவர் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்தார். ஆனால் அன்றைக்கு நான் ஒன்றைக் கவனித்தேன். உனக்கு ஆறு வயது, எழுத்துத் தெரியும், அப்படியும் நேரம் எடுத்தது. அந்த நேரத்துக்குள் நான் உன்னைப் பார்த்துவிட்டேன். மூடி பிள்ளையை நிற்பாட்டாது, தம்பி. தாய் திரும்பிப் பார்க்கும்வரை பிந்தவைக்கும். அவ்வளவுதான் அதன் வேலை.

இனி இனியாவின் கதைக்கு வருகிறேன். உன் வழக்குக் கோப்பில் இருப்பது, "மூன்று வயதுக்குக் குறைந்த ஒரு குழந்தை, பாரிஸ்" என்பதுதான். ரூ பிலிப்-து-ஜிராரில் எங்கள் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் சுமதியின் மகள் அவள். சுமதியின் புருஷன் ரெஸ்ரோரண்டில் வேலை, காலையில் போனால் இரவுதான் வருவான். வெள்ளிக்கிழமைகளில் சுமதி எங்களிடம் ஒரு அர்ச்சனைப் பை வாங்குவாள். அந்தப் பையைக் கட்டுவது நான். தேங்காய், வெற்றிலை, பழம், ஊதுபத்தி, ஒரு சின்னப் பெட்டி கற்கண்டு, ஒரு சின்னப் பெட்டி கற்பூரம். இரண்டு பெட்டியும் ஒரே இறக்குமதிக்காரரிடமிருந்து வருகிறது. ஒரே அளவு, உள்ளே தெரிகிற ஒரே பிளாஸ்ரிக், நகத்தால் தட்டினால் டிக் என்று திறக்கிற ஒரே மூடி. உள்ளே இரண்டிலும் வெள்ளைக் கட்டிகள். பார்க்க வடிவாக இருக்கிறது என்று இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் கட்டுவேன்.

விளக்கு வைத்துக் கும்பிட்டு முடிந்ததும் சுமதி கற்கண்டுப் பெட்டியை இனியாவின் கையில் கொடுப்பாள். இனியா தானே மூடியைத் திறந்து, ஒன்றை எடுத்து வாயில் போட்டு, "சாமி தந்தது" என்று சொல்ல வேண்டும். சொன்னால் கைதட்டுவார்கள். வீடியோகூட எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறாள், நான் உனக்கும் அனுப்பினேன், நீ வழக்கம்போலக் கட்டைவிரல் அனுப்பினாய். நம் வீடுகளில் எந்தப் பிள்ளைக்கும் இதைத்தான் பழக்குகிறோம். தட்டில் இருக்கிற வெள்ளைக் கட்டி இனிப்பு, அது சாமி தந்தது, வாயைத் திற. உனக்கும் நான் அப்படித்தான் பழக்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் சுமதி கறிவேப்பிலை வாங்க இறங்கி வந்தாள். இனியா தள்ளுவண்டியில் இருந்தாள். வழக்கத்தில் வாசலிலேயே என்னைக் கூப்பிட்டுக்கொண்டு வருகிற பிள்ளை. அன்றைக்குச் சத்தமே இல்லை. கண் விரியத் திறந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், வலது தோளுக்குச் சற்று மேலே, யாரோ நிற்கிறதைப் பார்க்கிறமாதிரிப் பார்த்துச் சிரித்தாள். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் சுவரும் தட்டும்தான்.

"ஆரைப் பாத்துச் சிரிக்கிறாள்?" என்று கேட்டேன்.

"தெரியேல்லை அன்ரி, இறங்கி வரேக்கையும் இப்பிடித்தான், படியில ஆரோ நிக்கினமெண்ட மாதிரி" என்றாள் சுமதி.

நான் குனிந்து இனியாவைக் கொஞ்சினேன். அவள் வாயில் கோயில் மணந்தது. மூலஸ்தானத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மணம். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம் தோன்றியது. "பிள்ளையில கோயில் மணக்குது, சுமதி" என்றேன். "இண்டைக்கு வெள்ளி எல்லோ அன்ரி" என்று அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். எங்கள் கடைக்குள் எல்லாமே அப்படித்தான் மணக்கும். என் சேலையில் மணக்கும், அப்பாவின் சேட்டில் மணக்கும், காசுப் பெட்டிக்குள் மணக்கும். வேறு எந்தச் சனமாக இருந்தாலும் அந்த மணத்துக்குப் பயந்திருக்கும். நாங்கள் அதைக் கும்பிடுகிற ஆட்கள். கறிவேப்பிலை, தேங்காய்ப்பூ, அவளுடைய மாமியாரின் கால்நோ என்று கதைத்துக்கொண்டே நின்றோம்.

பிறகு இனியாவின் கை ஆடத் தொடங்கியது. முதலில் விரல், பிறகு கை, பிறகு வண்டி முழுவதும். வண்டிச் சில்லுகள் தரையில் கிடுகிடுவென்று அடித்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கண் மேலே போய்விட்டது. சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது. சுமதி போட்ட சத்தத்தில் தெருவில் போன ஆட்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

பொம்பியே வந்தார்கள், தீயணைப்புக்காரர்கள்; இங்கே இப்படி அவசரத்துக்கும் வருவது அவர்கள்தான். அதில் ஒரு பெண்பிள்ளை இனியாவின் வாய்க்குப் பக்கத்தில் மூக்கை வைத்து, இது என்ன மணம், என்ன குடித்தாள் என்று கேட்டாள். எனக்குக் கற்பூரத்துக்குப் பிரெஞ்சுச் சொல் வரவில்லை. இத்தனை வருஷம் இந்த நாட்டில் அதை விற்றிருக்கிறேன், ஒரு பிரெஞ்சுக்காரருக்கும் அதன் பெயரைச் சொல்லவேண்டி வந்ததில்லை. தட்டைக் காட்டினேன். தட்டில் கற்கண்டும் கற்பூரமும் பக்கத்துக்குப் பக்கம் இருந்தன. அவள் எட்டிக் கற்கண்டுப் பெட்டியை எடுத்தாள். நான் அவள் கையைப் பிடித்து மற்றதில் வைத்தேன். அப்போதுதான் அந்த மணம் என்னவென்று எனக்கே விளங்கியது. அந்த விளக்கம் வந்த கணத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

இனியா பிழைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள். சுமதி ஊதுபத்தி கொளுத்தத் திரும்பிய நேரத்தில், பிள்ளை பையில் மேலாக இருந்த பெட்டியை எடுத்து, டிக் என்று திறந்து, சாமி தந்ததைச் சாப்பிட்டிருக்கிறாள். வேறு ஊர்களிலும் பிள்ளைகளுக்கு இப்படி நடந்திருக்கிறது என்று டொக்டர் சொன்னார். கொஞ்ச நாளில் அமைச்சின் தடை வந்தது. அப்பா முணுமுணுத்துக்கொண்டே எல்லாப் பெட்டிகளையும் கட்டி நிலக்கீழ் அறைக்குள் வைத்துப் பூட்டினார்.

இப்போது நான் சொல்வதை நீ நம்பவேண்டாம், கேட்டால் போதும். தட்டு வெறுமையாகிவிட்டது, நான் கடையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். ஆனால் மத்தியானமானால் மணம் வருகிறது. வாசலில் இல்லை, தட்டில் இல்லை, தள்ளுவண்டி நின்ற இடத்தில் மட்டும். சாமான் வாங்க வருகிறவர்கள் அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, "இண்டைக்கென்ன பூசையோ அக்கா?" என்று கேட்கிறார்கள். அப்பா தனக்கு ஒன்றும் மணக்கவில்லை என்கிறார். ஒருநாள் ஆளில்லாத நேரத்தில் எனக்குப் பின்னால் டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. மூடி திறக்கிற சத்தம். தட்டில் ஒரு பெட்டியும் இல்லை. நான் மெல்லத் திரும்பிப் பார்த்தேன், வலது தோளுக்கு மேலே. சுவர்தான்.

கீழே போய்ப் பார்த்தேன். பூட்டு இருந்தபடி இருந்தது. ஒரு கட்டைப் பிரித்து, ஒரு பெட்டியை வெளிச்சத்தில் பிடித்தேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. உள்ளே கட்டிகள் சிறுத்துப்போய், மூலைகள் தேய்ந்து, உருண்டுபோய்க் கிடந்தன. கற்பூரம் உருகாமலே காற்றாகப் போகும் என்று உனக்குப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருப்பார்கள். எனக்கும் தெரியும். தெரிந்திருந்தும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மூடியிருக்கும்போதே வெளியே வருகிற ஒன்றை, நகத்தால் தட்டினால் திறக்கிற மூடிக்குள் வைத்து, கற்கண்டுக்குப் பக்கத்தில் அடுக்கி, இத்தனை காலம் அதற்கு முன்னால் கதிரை போட்டு இருந்திருக்கிறேன்.

இதையெல்லாம் உனக்குச் சொல்லத்தான் போன ஞாயிறு சாப்பிடக் கூப்பிட்டேன். நீ இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே, "அம்மா, அது அந்த வீட்டுக் கவனயீனம். அதுக்குச் சட்டம் பொறுப்பில்லை" என்றாய். பிறகு பிரெஞ்சுக்கு மாறிவிட்டாய். தமிழில் சொல்லக் கூசுகிற எதையும் நீ பிரெஞ்சில்தான் சொல்வாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அந்த வீடு என்றாயே, எந்த வீடு? அதே விளக்கு, அதே தட்டு, அதே வெள்ளிக்கிழமை நம் வீட்டிலும் இருந்தது. நீ அந்தப் பெட்டியை எடுக்கவில்லை என்பதைத் தவிர எனக்கும் சுமதிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. நான் அவளைவிடக் கவனமான தாய் இல்லை, தம்பி. எனக்கு அதிர்ஷ்டம் இருந்தது. உன்னுடைய வாதத்தில் என் அதிர்ஷ்டத்துக்குக் கவனம் என்று பெயர் வைக்கிறாய்.

யாருக்கு அதிகாரம் என்ற உன் கேள்வி பொய்யென்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு மூடி கேட்டால் வியாபாரம் ஓடாது என்கிறாய், சரி. பாரிஸ் தனியே தடுத்தால் பெல்ஜியத்தில் வாங்கி பைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள் என்கிறாய், அதுவும் சரி, நம்மாட்களை எனக்குத் தெரியாதா. எல்லா நாட்டுக்கும் பிரசெல்ஸே அந்த மூடியைப் போடட்டும், நான் கைகூப்பி வரவேற்கிறேன், அப்பாவின் சமஷ்டியை மூட்டைகட்டி வைக்கச் சொல்கிறேன். ஆனால் நீ கேட்பது அது இல்லையே. மேலே இருப்பவன் போடும்வரை கீழே இருப்பவனும் போடக்கூடாது என்கிறாய். அந்த இடைவெளியில் ஒரு பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

நிற்கிறாள் என்று சும்மா எழுதவில்லை. ஆஸ்பத்திரியால் வந்த பிறகு சுமதி அவளைக் கடைக்குக் கூட்டிவந்தாள். நன்றாக நடக்கிறாள், கதைக்கிறாள். அவளுக்கு ஒன்றும் ஞாபகமில்லை என்று டொக்டர் சொன்னாராம். நேரே வந்து அந்த இடத்தில் நின்றாள். மணம் வருகிற அந்த இடத்தில். வெறும் தட்டை அண்ணாந்து பார்த்தாள். அதே சிரிப்பு. இரண்டு கையையும் குவித்து, வாயைத் திறந்து, "சாமி" என்றாள். சுமதி முகத்தைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் இனியாவைத் தூக்கி வைத்துக்கொண்டேன், அவள் என் தோளுக்கு மேலால் கையை நீட்டியபடியே இருந்தாள். பயத்தில் எனக்கு அழுகைகூட வரவில்லை.

இந்த வழக்கு முடிந்தும் நீ பிரசெல்ஸிலேயே தனியே இருக்கப் போகிறவன், ஒரு புத்தி சொல்கிறேன். அங்கே மழை அதிகம், நல்ல சப்பாத்து வாங்கு. பசியோடு கோபமான கடிதம் எழுதாதே. நீ எழுதுகிற எந்தப் பந்தியிலும் "ஒரு குழந்தை" என்று வந்தால், எழுதுவதை நிறுத்திவிட்டு அந்தக் குழந்தையின் பெயரைக் கேள். பெயர் தெரிந்த பிறகும் அதே பந்தியை எழுத முடிந்தால் எழுது. உன் தொழில் அது, நான் தடுக்கமாட்டேன்.

ஆனால் என் வேலையை நீயும் தடுக்க முடியாது. செவ்வாய்க்கிழமை அமைச்சிலிருந்து ஒரு பெண் ரெலிபோன் எடுத்தா. சுமதியால் பேச முடியாது, பேசத் தொடங்கினாலே அழுகிறாள், அன்றைக்குக் கடையில் நின்றவர் நீங்கள், பிரான்ஸின் பக்கம் வந்து நடந்ததைச் சொல்வீர்களா என்று கேட்டா. மொழிபெயர்க்க ஆள் தருவார்களாம். அப்பா சைகையால் வேண்டாம் என்றார். நான் ஓம் என்றேன்.

அப்பாவுக்கு இன்னும் கோபம். நீ வென்றுவந்தால் பெட்டிகளை மேலே ஏற்றுவதற்கு ஆள் சொல்லி வைத்திருக்கிறார். ஏற்றினால் நான் அந்தக் கடையில் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது, நீ அதில் தலையிடாதே.

ஞாயிறு ரயிலில் நானும் வருகிறேன். இரண்டு பேருக்கும் புட்டு கட்டிக்கொண்டு வருவேன். வழியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டேன், சத்தியம். திங்கட்கிழமை அந்த மண்டபத்தில் நீ உன் பக்கம் போ, நான் என் பக்கம் போகிறேன். முதலில் உன் பெயரைக் கூப்பிடுவார்கள், நீ எழும்பி நன்றாகப் பேசு. பிறகு என் பெயரைக் கூப்பிடுவார்கள். இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் யாராவது உன்னைப் பார்த்து, இவர் உங்களுக்கு யார் என்று கேட்பார்கள். அதை நீயே சொல்லு. அதற்குப் பிறகு நான் இனியாவைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா